நாலாயிரத்து எண்ணூறு இழைப் பாலம்

ஓய்வு பெற்ற நான்காவது மாதம் நான் இணையத்தில் ஒரு விவாத மன்றத்தில் சேர்ந்தேன். அதற்குக் காரணம் என் மகள். வேலூரில் கணினி படித்து முடித்து, கல்யாணமாகிப் பெங்களூர் போனபோது, தன் பழைய கணினியையும் அதற்குள் ஒரு விளையாட்டையும் ஆரணி வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். சூப்பர் ஹீரோக்கள் அணிக்கு ஐந்து பேராக மோதிக்கொள்ளும் விளையாட்டு. மொத்தம் இருபத்திரண்டு பேர். ஒருவன் பறப்பான். ஒருவனுக்கு இரும்புத் தோல். ஒரு பெண் கையை நீட்டினால் எதிரே நிற்பவன் மூன்று விநாடி பனியாக உறைந்து நிற்பான். உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருப்பவர்கள் ஒரே நேரத்தில் ஆடுவார்கள் என்று மகள் சொன்னாள். அவள் ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கூப்பிட்டால் பாதி நேரம் மாப்பிள்ளையைப் பற்றிப் பேசுவாள், மீதி நேரம் பறப்பவனைத் திட்டுவாள்.

"அவன் ரொம்ப ஓவர்ப்பா. மேல போயிட்டான்னா யாராலயும் தொட முடியல. கேம்ல பேலன்ஸே இல்ல."

"எத்தினி ஆட்டத்துல எத்தினி ஜெயிச்சான்?"

"அதெல்லாம் யாருப்பா எண்ணிகினு இருப்பாங்க?"

நான் எண்ணுவேன். முப்பத்து நான்கு வருடம் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் தரம் பார்க்கும் வேலை. சேலையின் மேல் ஒரு அங்குலச் சதுரக் கண்ணாடியை வைத்து, குனிந்து, நீளவாக்கில் பாவில் எத்தனை இழை, குறுக்கே ஊடையில் எத்தனை இழை என்று எண்ணிச் சீட்டில் எழுதுவது. அந்தப் பழக்கம் ஓய்வுக்குப் பிறகும் விடவில்லை. மொட்டை மாடிக்குப் பதினேழு படி. வீட்டிலிருந்து பேருந்து நிலையத்துக்கு ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் அடி, மழை நாளில் சுற்றிப் போனால் இன்னும் அறுபது. எரிவாயு உருளை வந்த தேதியை நாட்காட்டியில் குறித்து, எத்தனை நாள் வருகிறது என்று பார்ப்பேன். ஒரு நாள் முன்னால் தீர்ந்தால் எனக்குச் சோறு இறங்காது.

எனக்கு அந்த விளையாட்டை ஆட விரல் வராது. ஆனால் உலகத்தில் யார் ஆடினாலும், ஆட்டம் முடிந்ததும் யார் எந்த அணியில், யார் எத்தனை நேரம் நின்றார், யார் ஜெயித்தார் என்று ஒரு பட்டியல் வரும். முந்நூறு பட்டியல்களைக் கட்டம் போட்ட நோட்டில் எடுத்து எழுதினேன். ஆறு வாரம் ஆனது. விடை வேறாக இருந்தது. பறப்பவன் இருந்த அணி நூற்றுக்கு நாற்பத்தொன்பது ஆட்டம்தான் ஜெயித்திருந்தது. பனிப்பெண் இருந்த அணி அறுபத்திரண்டு.

இதை எங்கே சொல்வது என்று மகளிடம் கேட்டபோதுதான் அந்தத் தமிழ் மன்றத்தின் முகவரியைக் கொடுத்தாள். அதில் இரண்டு அறைகள். ஒன்றில் விளையாட்டுச் சண்டை. இன்னொன்றில் கதைகளைப் படமாகவும் தொடராகவும் எடுப்பவர்கள் மேல் வழக்கு. பெயர் பதியும் இடத்தில் 'ஆரணி' என்று அடித்தேன். அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்றது. யார் அது, நமக்கு முன்னால் நம் ஊர்ப் பெயரை எடுத்தவன் என்று அரை நாள் மனசு ஆறவில்லை. பிறகு 'ஆரணி 1' என்று பதிந்தேன்.

என் கணக்கை இரு கை ஆள்காட்டி விரல்களாலும் தட்டி ஏற்றினேன். முதல் நாள் பதில் இல்லை. இரண்டாம் நாள் நாற்பத்து மூன்று பதில்கள். 'இவர் யாருப்பா, ஆடிட்டரா?' என்று ஒருவர். 'பறக்கிறவனை விட்டுட்டு எங்க பனியக்கா மேல ஏன் பாயறீங்க?' என்று ஒருவர். சில மாதம் கழித்து விளையாட்டைச் செய்தவர்கள் அவளுடைய பனியை மூன்று விநாடியிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். அமெரிக்காவில் இருக்கும் அவர்கள் என் நோட்டைப் பார்த்திருக்க வழியே இல்லை. ஆனாலும் மன்றத்தில் பழி என் மேல்தான் விழுந்தது. மகள் ஆடுவதே பனிப்பெண்ணை வைத்துத்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒன்பது நாள் அவள் கூப்பிடவில்லை.

ஆனால் ஒரு நன்மையும் நடந்தது. மன்றத்தில் எதிலாவது எண் வந்தால் 'ஆரணி ஒன்னக் கேளுங்க' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். வேலையில் இருந்தவரை தினமும் பத்துப் பேராவது என்னிடம் எண்ணிக்கை கேட்பார்கள். ஓய்வு பெற்ற பிறகு நான்கு மாதம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த நான்கு மாதத்தில் நான் மூன்று கிலோ இளைத்தேன். மன்றத்தில் சேர்ந்த பின் இரண்டு கிலோ திரும்ப வந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு தொலைக்காட்சியில் அந்தப் பழைய தொடர்கதையை ஞாயிறு காலைத் தொடராக எடுக்கப்போவதாக அறிவித்தார்கள். எங்கள் இளமையில் ஒரு வாரப் பத்திரிகையில் வந்த மாயாஜாலக் கதை அது. நாட்டின் விளக்கை மந்திரவாதி திருடிக்கொண்டு போகிறான். அதை மீட்க இளவரசி ஏழு பள்ளத்தாக்குகளைக் கடக்கிறாள். ஐந்தாவது பள்ளத்தாக்கில் கண் தெரியாத ஒரு அரக்கி. அவளுடைய கூந்தல்தான் அங்கே பாலம்.

மன்றத்தின் இரண்டாவது அறை பற்றிக்கொண்டது. சிங்கப்பூரிலிருந்து ஒரு அம்மா எழுதுவார். நூலகத்தில் வேலை பார்த்தவர், பிழையில்லாமல் எழுதுவார். எதை விட்டார்கள், எதை மாற்றினார்கள் என்று வாராவாரம் குறித்து வைப்பது அவர் பொறுப்பு. தெள்ளாரிலிருந்து ஒருவர், அங்கே மருந்துக் கடை வைத்திருந்தார். அவருக்கு எல்லாவற்றிலும் அபிப்பிராயம் உண்டு. இளவரசிக்கு மூக்குத்தி இல்லை என்பதற்கே ஏழு பதிவு போட்டார். நான் அட்டவணை போட்டேன். எந்தப் பள்ளத்தாக்குக்குத் தொடரில் எத்தனை நிமிடம், அதில் விளம்பரம் எத்தனை நிமிடம். ஒரு ஞாயிறு அரை மணியில் பதினொன்றரை நிமிடம் விளம்பரம். அதைப் பார்த்துத் தெள்ளார்க்காரர், 'அண்ணே, மந்திரவாதி திருடினது வெளக்கு இல்ல, நம்ம நேரத்த' என்று எழுதினார்.

என் மனைவியும் கூடவே உட்கார்ந்து பார்ப்பாள். அவரைக்காயோ கீரையோ மடியில் இருக்கும். வாயைத் திறக்கமாட்டாள். தொடர் முடிந்ததும் நான் கணினிக்கு ஓடுவேன். "ஜல்தி போங்க, உங்க ஜமா காத்துகினு இருக்கும்" என்பாள்.

இருபத்தொன்பதாவது வாரம் கூந்தல் பாலம் வந்தது. நைலான் கயிற்றைக் கறுப்பாக்கித் தொங்கவிட்டிருந்தார்கள். இளவரசி அதன் மேல் நடந்தாள், அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தாள், விளம்பரம் வந்துவிட்டது.

 கதையிலேயே உயர்ந்த இடம் அது. அதை அப்படியே விட்டுவிட்டார்கள். அன்று மன்றத்தில் நான் எழுதியது, நான் அதுவரை எழுதியவற்றில் நீளமானது: மந்திரவாதி பாலத்தை நடுவில் அறுத்துவிடுகிறான். இளவரசி திரும்பிப் போகவில்லை. பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, அறுந்த முடிகளை ஒவ்வொன்றாக எடுத்து முனையோடு முனை வைத்து முறுக்கிச் சேர்க்கிறாள். அரக்கிக்குக் கண் தெரியாது. அவள் எண்ணிக்கை சொல்கிறாள். மொத்தம் நாலாயிரத்து எண்ணூறு முடி. நாலாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது சேர்ந்தபின் ஒரு முடி குறைகிறது. காற்றில் போய்விட்டது. இளவரசி தன் தலையிலிருந்து ஒன்றைப் பிடுங்கி வைத்து முறுக்குகிறாள். அந்த ஒரு முடி மட்டும் அரக்கிக்கு வேறாகத் தெரிகிறது. "இது என்னுடையது இல்லையே" என்று கேட்கிறாள். "இனிமேல் உன்னுடையதுதான்" என்கிறாள் இளவரசி. இப்படி ஒரு அத்தியாயத்தை விட்டுவிட்டு விளம்பரம் போடுகிறவர்களை என்ன செய்வது என்று கேட்டு முடித்திருந்தேன்.

மறுநாள் சிங்கப்பூர் அம்மாவின் பதில்: 'மிக அழகாக இருக்கிறது. ஆனால் ஐயா, அந்தக் கதையில் இப்படி ஓர் அத்தியாயம் இல்லை. நான் மூன்று முறை படித்திருக்கிறேன்.'

தெள்ளார்க்காரர்: 'அண்ணே, கனவு கினவு கண்டீங்களா? அரக்கி ஒரு பாட்டு பாடச் சொல்வா, இவ பாடுவா, போய்டுவா. அவ்ளோதான்.'

என் பக்கம் பேச ஒரே ஒருவர் வந்தார். என் ஊர்ப் பெயரை எனக்கு முன்னால் எடுத்த அந்த 'ஆரணி'தான். சென்னையில் அம்பத்தூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை, அப்பா ஆரணியில் நெசவு என்று முன்பு எழுதியிருந்தார். 'ஒன்னு சார் சொல்றது கரெக்ட். எங்கப்பா இந்தக் கதைய நூறு தடவ சொல்லிக்கீறாரு. நாலாயிரத்து எண்ணூறு முடி. கடைசி முடி அவளோடது.'

இரண்டு பேர் ஒரே கனவைக் காண முடியுமா என்று நான் எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த எண்ணையே பாருங்கள், கற்பனை செய்கிறவன் ஆயிரம் என்பான், பத்தாயிரம் என்பான், நாலாயிரத்து எண்ணூறு என்று யார் கற்பனை செய்வார், அது அச்சில் வந்த எண் என்றும் எழுதினேன். சிங்கப்பூர் அம்மா, 'சரி, சாம்பல் எதற்கு?' என்று கேட்டார். முடி வழுக்கும், சாம்பல் தொட்டால்தான் முறுக்கு நிற்கும், இதுகூடவா தெரியாது என்று பதில் போட்டேன். கோபத்தில் இன்னொன்றும் போட்டேன்: 'தொடர் முடிய இன்னும் இருபத்து மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்து காட்டுவேன். காட்டாவிட்டால் என் பெயரில் இந்த மன்றத்தில் ஒரு வரி வராது.'

 நான் சொன்ன எண்ணிலிருந்து பின்வாங்கியதில்லை. சங்கத்தில் நான் குறைவு என்று எழுதிய சேலையைத் தலைவரே வந்து சொல்லியும் மாற்றியதில்லை. அது மன்றத்துக்காரர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

தேட ஆரம்பித்தேன். பழைய பேப்பர் கடைகள் நான்கு. வந்தவாசி நூலகத்துக்கு இரண்டு முறை. அங்கே அந்தப் பத்திரிகையின் பழைய தொகுப்பு இருந்தது. சரியாக அந்த ஆண்டைக் கரையான் தின்றிருந்தது. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதே புலம்புவேன். மனைவி ஒரே கேள்வியைத்தான் கேட்பாள்.

"அந்த அத்தியாயம் அவ்ளோ நல்லாவா இருந்திச்சு?"

"அந்தக் கதையிலயே அதுதான் உயிரு. மத்ததெல்லாம் எவன் வேணும்னாலும் எழுதிடுவான்."

"அப்டி இன்னா இருக்குது அதுல?"

"கடைசி முடி இருக்குது பாரு. அரக்கிக்கு அது வேறன்னு தெரியுது. அத எழுதினவன் கைய எடுத்துக் கண்ணுல ஒத்திக்கணும்."

அவள் காபி போட உள்ளே போய்விடுவாள். இந்தப் பேச்சு, நினைவில் இருக்கிறவரை, பதினொரு முறை நடந்தது. எனக்குக் காது கேட்கிறதா என்று சோதிக்கிறாளோ என்றுகூட நினைத்தேன்.

ஐம்பத்தோராவது வாரம். ஒரே வாரம்தான் பாக்கி. தெள்ளார்க்காரரிடமிருந்து தனிக் கடிதம் வந்தது. படவேட்டில் இருக்கும் அவருடைய தாய்மாமன் அந்தத் தொடர்கதையை வாராவாரம் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறாராம். 'முழுசா இருக்குது அண்ணே. வாங்க, ரெண்டு பேரும் பாத்துடுவோம். இல்லன்னா நீங்க பேஜாராயிடுவீங்க.'

படவேட்டுக்குப் பேருந்து குறைவு. காலை வண்டியை விட்டால் மத்தியானம்தான் என்று விடிந்ததிலிருந்தே செருப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இறங்கியபோது ஒரு இளைஞர் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு, வருகிறவர்களுடைய தலைக்கு மேலே தலையை நீட்டி யாரையோ தேடிக்கொண்டிருந்தார். வண்டியிலிருந்து இறங்கியவர்கள் ஆறு பேர். ஐந்து பேர் போனபின் நான்தான் மிச்சம்.

"ஆரணி ஒன்னு... நீங்களாங்க சார்?"

"நான்தான்."

"நான் இன்னாமோ ஒரு நாப்பது வயசு ஆளுன்னு நெனச்சிகினு இருந்தேன். எத்தினி தடவ வாய்யா போய்யான்னு எழுதிட்டேன்."

"நாலு தடவ."

அவர் காதைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் கொஞ்சம் ஏமாற்றம்தான். மூக்குத்திக்கு ஏழு பதிவு போட்ட ஆளுக்கு ஐம்பது வயதாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன். முப்பதுகூட இல்லை.

தாய்மாமன் வாழை போட்டிருந்தார். தோட்டத்து மோட்டார் கொட்டகையில் கட்டிலைப் போட்டு, பாலித்தீன் உறையிலிருந்து அந்தத் தொகுப்பை எடுத்துக் கொடுத்தார். "பாத்துப் பொரட்டுங்க, தையல் வுட்டுப் போச்சு" என்றார். பழுப்புக் காகிதம். ஒரு பக்கம் கதை, மறுபக்கம் பாதி துணுக்கு, பாதி தைல விளம்பரம்.

முப்பதாவது அத்தியாயம், இளவரசி பாலத்தில் காலை வைப்பதோடு முடிகிறது. முப்பத்தொன்று, அவள் ஒரு பாட்டைப் பாடிவிட்டு அக்கரையில் போய் நிற்பதோடு தொடங்குகிறது. நடுவில் ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கும் என்று மறுபக்கத்துத் தேதியைப் பார்த்தேன். அடுத்தடுத்த வாரம்தான். அத்தியாயங்களை எண்ணினேன். அறுபத்து மூன்று. முன்னாலிருந்து எண்ணினேன், பின்னாலிருந்து எண்ணினேன், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினேன். அறுபத்து மூன்று.

 மாமன் இளநீர் வெட்டப் போனதும் தெள்ளார்க்காரர் மெதுவாகச் சொன்னார்.

"சார், நான் ஒண்ணு சொல்றேன். நான் பாத்தேன், ஒரு பக்கம் கிழிஞ்சி கீதுன்னு எழுதிடறேன். யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே."

"அது கரெக்ட்டுதான். ஆனா நீங்க பூட்டீங்கன்னா விளம்பரத்த யாரு சார் எண்ணுவாங்க?"

 இருநூறு முறையாவது என்னிடம் சண்டை போட்ட ஆள். இளநீரைக் குடித்துவிட்டு மத்தியான வண்டியில் திரும்பினேன். சந்தவாசல் வரை உட்கார இடம் கிடைக்கவில்லை. அது அன்று உறைக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன். அப்படி ஒரு அத்தியாயம் இல்லை. கதாசிரியர் எழுதவில்லை. எனக்குப் புத்தி பிசகிவிட்டது போலிருக்கிறது, வேலூருக்குப் போய் டாக்டரைப் பார்க்கலாம் என்றேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"நீங்க அந்தக் கதைய எங்க படிச்சீங்க?"

 மன்றத்தில் 'நான் படித்தபோது' என்று எத்தனை முறை எழுதியிருப்பேன். ஆனால் நான் படிக்கவில்லை. கேட்டேன். அவள் அப்பாவின் வீட்டுத் தறிக் கூடத்தில், அவள் வாயால்.

அந்தக் கூடத்தில் ஆறு தறி. அங்கே பள்ளி இறுதி வரை படித்தவள் அவள் ஒருத்திதான். வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்ததும், தறிகளுக்கு நடுவில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஆறு தறிச் சத்தத்துக்கும் மேலே தொடர்கதையைப் படிப்பாள். நெய்கிறவர்கள் கை நிற்காமல் கேட்பார்கள். படித்து முடித்ததும் பத்திரிகை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த நான், தறியில் இழை பார்க்கும் முறையை வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன்.

"ஒரு வெள்ளிக்கெழம பொஸ்தகம் வரல" என்றாள். "மழையோ இன்னாவோ, வண்டி வரல. எல்லாரும் கதை கதைன்னு உக்காந்துகினு கீறாங்க. அன்னிக்கு ஆறாந்தறியில பழைய பாவு தீந்து புதுப் பாவ எங்கம்மாவும் சித்தியும் பிணைச்சிகினு இருந்தாங்க. நாலாயிரத்து எண்ணூறு இழை. அப்பா ஒரே கத்தல், எப்ப முடியும் எப்ப முடியும்னு. நான் போன வாரத்துப் பொஸ்தகத்த எடுத்து மூஞ்சிக்கு நேரா பிரிச்சி வெச்சிகினு, கண்ணுக்கு எதுக்க இன்னா நடக்குதோ அதச் சொல்லிட்டேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாக விளங்கியது. சாம்பல். பழைய பாவின் முனையையும் புதுப் பாவின் முனையையும் சேர்த்து முறுக்கும்போது எங்கள் ஊரில் விரலில் சாம்பல் தொட்டுக்கொள்வார்கள். பட்டு வழுக்கும். அதை நான் சிங்கப்பூர் அம்மாவிடம், இதுகூடவா தெரியாது என்று கேட்டிருக்கிறேன். நாலாயிரத்து எண்ணூறு. அந்தத் தறியின் பாவைக் கண்ணாடி வைத்து எண்ணிச் சீட்டில் எழுதினவனே நான்தான். அந்த எண்ணைக் கொண்டுபோய், யாரும் கற்பனை செய்ய முடியாத எண் என்று சாதித்திருக்கிறேன். முப்பத்து நான்கு வருடம் தரம் பார்த்தவன், கைக்கு வந்த துணி எந்தத் தறியில் நெய்தது என்று பார்க்கவில்லை.

"கடைசி முடி?"

"நெசமாவே ஒரு இழை கொறஞ்சிச்சு. எங்கம்மா வேற நூல்கண்டுலேர்ந்து ஒண்ணு எடுத்துப் போட்டாங்க. நீங்க வாசப்படியில நின்னுகினு இருந்தீங்க. ஒரு மணி நேரம். அந்தத் தறியில நீங்க பாக்கறதுக்கு அன்னிக்கு ஒண்ணுமே இல்ல, பாவே ஏறல."

"அடுத்த வாரம் நெசக் கதை வந்திருக்குமே?"

"வந்திச்சு. அவ பாட்டு பாடிட்டு அக்கரையில போய் நின்னா. படிக்கறப்ப நான் பாட்ட மட்டும் வுட்டுட்டேன்."

"இத்தினி மாசமா நான் அலைஞ்சிகினு கீறேன். ஏன் சொல்லல?"

அவள் முறத்தை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"முப்பத்திரண்டு வருசத்துல என் சாம்பார ஒரு தடவ நல்லா இருக்குதுன்னு சொல்லியிருப்பீங்களா? அதுல உப்பு எத்தினி கல்லு கொறையுதுன்னுதான் சொல்லுவீங்க. இப்ப தெனம் வந்து, அத எழுதினவன் கைய கண்ணுல ஒத்திக்கணும்ன்றீங்க. நான் எப்டிங்க சொல்லுவேன்? இன்னொரு தடவ கேக்கலாம்னு இருந்திச்சு."

  சாம்பாரில் உப்பு சரியாகத்தான் இருக்கிறது என்று சொன்னேன். அன்று சாம்பாரே இல்லை, ரசம் என்றாள்.

மன்றத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். "நான்னு மட்டும் போடாதீங்க. எங்கண்ணன் அது பொஸ்தகத்துல வந்ததுன்னு நம்பி இன்னும் கல்யாண வீட்ல எல்லாம் அந்தக் கதையச் சொல்லிகினு கீறாரு" என்றாள். கடைசி வாரம் தொடர் முடிந்தபின் ஐந்து வரி எழுதினேன். பக்கம் கிடைக்கவில்லை. அத்தியாயங்கள் அறுபத்து மூன்று, மூன்று முறை எண்ணினேன். சிங்கப்பூர் அம்மா சொன்னது சரி, நான் சொன்னது தவறு. அவரிடம் பேசிய தோரணைக்கு வருந்துகிறேன். சொன்னபடி விடைபெறுகிறேன்.

அதன் பிறகு கணினியைத் திறந்து படிப்பேன், மூடுவேன். 'சும்மா வாங்க சார், சபதமெல்லாம் அரசாங்க கெஜட்லயா கீது?' என்று தெள்ளார்க்காரர் எழுதியிருந்தார். பனிப்பெண்ணின் பனியைக் குறைத்ததற்கு என்னை மன்னித்துவிட்டதாக மூன்று பேர். நான்காம் நாள் சிங்கப்பூர் அம்மாவின் பதிவு: 'ஐயா, சாம்பலை நான் ஒரு நெசவாளர் குடும்பத்துத் தோழியிடம் விசாரித்தேன். இது யாரோ தறி வீட்டில் பிறந்தவர் சொன்ன அத்தியாயம். ஆரணி சொல்வதைப் பார்த்தால் உங்கள் ஊரில் பலர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். அதற்கு அடுத்து என்ன ஆயிற்று? அந்த ஒரு முடி பிறகு என்ன ஆயிற்று?'

இதை மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உங்க பேர்லதான ஒரு வரி வராதுன்னு சொன்னீங்க?"

"ஆமா."

"என் பேர்ல ஒண்ணு போடுங்க."

'ஆரணி 2' என்று பதிந்தோம். அத்தியாயம் முழுவதையும் அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். மூன்று மத்தியானம் ஆனது. நடுவில் இருமுறை மின்சாரம் போய், ஒருமுறை இருபது வரி அழிந்தது. அவள் அந்த இருபது வரியையும் எழுத்து மாறாமல் திரும்பச் சொன்னாள். முடி என்ன ஆயிற்று என்பதற்கும் பதில் சொன்னாள். அரக்கி தினமும் அந்த ஒரு முடியைத் தடவிப் பார்த்து எண்ணத் தொடங்குவாளாம். அதனால் அவளுக்கு எண்ணிக்கை தவறுவதே இல்லையாம். இதை அப்போதுதான் கட்டினாளா, முப்பத்து மூன்று வருடம் வைத்திருந்தாளா என்று கேட்டேன். தட்டுங்க என்றாள்.

வந்த பதில்களை அவள் எண்ணச் சொல்லவில்லை. நான் எண்ணினேன். அறுபத்தெட்டு. அம்பத்தூரிலிருந்து 'ஆரணி' எழுதியிருந்தார்: 'அம்மா, எங்கப்பா உங்க வீட்டுத் தறிக் கூடத்துல அஞ்சாந்தறியில இருந்தவரு. பூரா படிச்சிக் காட்டினேன். அவரு கண்ண மூடிகினு கேட்டுட்டு, அந்தப் பொண்ணு இன்னும் அதே வேகத்துலதான் படிக்குதுன்னாரு.' அவள் அதை இரண்டு முறை படிக்கச் சொன்னாள். பிறகு அண்ணனுக்குத் தொலைபேசி போட்டு உண்மையைச் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டாராம். அப்புறம், "அந்தப் பாட்டு இன்னா பாட்டு? அதப் படிச்சுக் காட்டாம வுட்டுட்டியே" என்று சண்டை போட்டாராம்.

அத்தோடு நின்றுவிடுவாள் என்று நினைத்தேன். அடுத்த வாரம் விளையாட்டு அறையைத் திறக்கச் சொன்னாள். மகள் ஏதோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். பனிப்பெண்ணைப் பற்றி ஒரு பதிவு.

"எழுதுங்க. ஆரணி ஒன்னு போட்ட கணக்கு தப்பு."

"எது தப்பு? முந்நூறு ஆட்டம் எண்ணிக்கீறேன்."

"ஜெயிச்சத எண்ணினீங்க. அவ ஒறைய வெச்ச நேரத்துல அவ பக்கத்து ஆளுங்க எத்தினி பேரு பொழச்சி ஓடினாங்கன்னு எண்ணினீங்களா? அவ ஜெயிக்கிறவ இல்ல, ஜெயிக்க வெக்கிறவ. அவளோட ஒரு விநாடிய திருப்பிக் குடுக்கணும். எழுதுங்க."

என் கணக்கு தப்பு என்று என் விரலாலேயே தட்டி ஏற்றினேன். மகள் அன்று ஞாயிறு இல்லாமலே கூப்பிட்டாள், அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்தாள். அந்தப் பெயரில் இதுவரை அறுநூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். எல்லாம் நான் தட்டியவை, ஒரு வரிகூட என்னுடையது கிடையாது. இரண்டே இரண்டு இடத்தில் அவள் சொன்ன எண்ணை அவளுக்குத் தெரியாமல் சரி செய்தேன். இரண்டையும் கண்டுபிடித்துவிட்டாள்.